பொருள் நீங்கிய முகவரி
சி மொழியிற் சார்புகளும் உள்ளக அணிகளும்

ஒரு பொருள் இருக்கும் இடத்தை அறிந்திருத்தல் வேறு. அப்பொருளையே கைக்கொண்டிருத்தல் வேறு. உலக வழக்கில் இவ்வேறுபாட்டை எவரும் எளிதில் உணர்வர். குடியிருந்தார் வீட்டைவிட்டு நீங்கியபின், அவ்வீட்டின் இலக்கத்தை மாத்திரம் எழுதி வைத்திருப்பவன் அவரைக் காணமாட்டான் என்பதைச் சிறுவரும் அறிவர். எனினும், கணினிக்குச் செய்நிரல் எழுதப் புகும் மாணவர் சிலர் இதனை மறந்து, பொருளைக் கொடுப்பதாக எண்ணிக்கொண்டு முகவரியை மாத்திரம் கொடுத்துவிடுகின்றனர். சி மொழியில் ஒரு சார்பு தன்னுள்ளே அமைத்துக்கொண்ட அணியின் முகவரியைத் தன்னை அழைத்த சார்புக்குத் திருப்பித் தருதல் இவ்வகைப் பிழையாகும். அப்பிழை யாது, அது நிகழ்தற்குக் காரணம் யாது, அதனை நீக்கும் வழிகள் யாவை என்பவற்றை நம் கல்லூரி மாணவர்க்கு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனைச் சிறு பிழையென்று எவரும் கருதற்க. எழுதிய அன்றே வெளிப்படும் பிழையால் வரும் தீங்கு பெரிதன்று. அதனை அன்றே திருத்திவிடலாம். இப்பிழையோ, சோதித்துப் பார்க்கும்பொழுது பலகாற் சரியான விடையையே காட்டி நிற்கும். பின்னொருநாள், செய்நிரலின் வேறொரு பகுதியிற் சிறு மாற்றம் செய்யப்பட்டவுடன், காரணம் புலப்படாவகையிற் பொய்யான விடையைத் தரும். மாற்றம் செய்தவரிடத்துப் பிழையைத் தேடுவார்க்கு அது அங்கே அகப்படாது. ஆதலினாலேயே இதனைத் தொடக்கத்திலேயே அறிந்து விலக்குதல் வேண்டும்.

சி மொழியின் வரலாறு

சி மொழியை ஆக்கியவர் டெனிஸ் றிச்சி என்னும் அமெரிக்க அறிஞர். நியூ ஜேர்சி மாநிலத்திலே, மறே ஹில் என்னுமிடத்துப் பெல் ஆய்வுகூடத்தில், 1969 ஆம் ஆண்டிற்கும் 1973 ஆம் ஆண்டிற்கும் இடையில் இம்மொழி உருவாகியது. ஆங்கு அவருடன் பணிபுரிந்த கென் தொம்சன் ஆக்கிய பி என்னும் மொழி இதற்கு முன்னோடியாகும். அந்தப் பி மொழிக்கு முன்னோடியாய் அமைந்தது, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மாட்டின் றிச்சட்ஸ் வகுத்த பி.சி.பி.எல். என்னும் மொழி. 1973 இல் யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் கருப்பகுதி சி மொழியில் மீள எழுதப்பட்டது. 1978 இல் பிறையன் கேணிகனும் றிச்சியும் இணைந்தெழுதிய நூல் இம்மொழியை உலகெங்கும் பரப்பியது. 1989 இல் அமெரிக்க நியமமும் 1990 இற் சர்வதேச நியமமும் இதற்கு ஏற்பட்டன. இன்றும் லினக்ஸ் முறைமையின் கருவிற் பெரும்பகுதி சி மொழியிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. ஆதலின் இம்மொழியின் நுட்பங்களைக் கற்றல் பழங்கதை கற்றலாகாது.

நினைவகமும் சுட்டியும்

கணினியின் நினைவகம், வரிசையாக இலக்கமிடப்பட்ட சிறு அறைகளின் தொகுதி எனலாம். ஒவ்வோர் அறையும் ஒரு பைற்று அளவினது. அறையின் இலக்கமே அதன் முகவரி. ஒரு முகவரியைத் தன்னுள்ளே தாங்கிநிற்கும் மாறியைச் சுட்டி என்பர். மேசைமீது கையால் நகர்த்தும் கருவிக்கும் நம் நாட்டிற் சுட்டி என்னும் பெயர் வழங்குகின்றது. ஈண்டுக் கூறப்படுவது அதுவன்று. ஒரேவகைப் பொருள்கள் பலவற்றை அடுத்தடுத்த அறைகளில் வைத்திருக்கும் அமைப்பு அணி எனப்படும். ஒரு பணியைச் செய்வதற்கெனப் பெயரிட்டு வகுக்கப்பட்ட செய்நிரற் பகுதி சார்பு எனப்படும். சார்பினுள்ளே, சிறப்புக் குறிப்பு யாதுமின்றி அமைக்கப்படும் அணியை உள்ளக அணி என்று இங்குக் குறிப்பிடுவோம்.

ஒரு சார்பு அழைக்கப்படும்பொழுது, அதன் உள்ளக மாறிகளுக்கும் அணிகளுக்கும் வேண்டிய இடம் அடுக்கு என்னும் நினைவகப் பகுதியில் ஒதுக்கப்படுகின்றது. அச்சார்பு இன்னொரு சார்பை அழைத்தால், அதற்குரிய இடம் முந்தியதன்மேல் அடுக்கப்படும். இறுதியில் வந்தது முதலில் நீங்கும். விருந்து முடிந்தபின் கழுவி ஒன்றன்மேலொன்றாக வைத்த தட்டுகளை மேலிருந்தே எடுக்கின்றோம் அன்றோ? அதுபோன்றதே இதுவும். இக்கருத்துப் பழையது. 1946 இல் அலன் ரூறிங் சமர்ப்பித்த கணினித் திட்டத்திலேயே, திரும்பிச் செல்லவேண்டிய இடத்தைப் புதைத்து வைத்துப் பின் தோண்டியெடுக்கும் முறை கூறப்பட்டுள்ளது. 1957 இல் ஜேர்மனிய அறிஞராகிய பவரும் சமெல்சனும் அடுக்கு முறைக்குக் காப்புரிமை கோரினர்.

அடுக்கு முறையின் பெருநன்மை விரைவு. ஒரு சார்பு முடிவெய்தியதும், அடுக்கின் உச்சியைக் குறிக்கும் இலக்கம் பழைய நிலைக்கு மாற்றப்படும், அவ்வளவே. பயன்பட்ட அறைகளை எவரும் துடைப்பதில்லை. அவ்வறைகளில் எழுதியவை எழுதியவாறே கிடக்கும். ஆனால், அவற்றின்மீது அச்சார்புக்கு இருந்த உரிமை அக்கணமே ஒழிந்துவிட்டது. அடுத்து அழைக்கப்படும் சார்பு அதேயிடத்தைத் தனதாக்கிக்கொள்ளும்.

இதனை வகுப்பறைக் கரும்பலகையைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். முதற் பாடவேளையிற் கணித ஆசிரியர் ஒருவர் பலகையில் ஒரு கணக்கின் விடையை எழுதுகின்றார். மணி அடித்ததும் அழிக்காமலே வெளியேறுகின்றார். மற்றொரு வகுப்பு மாணவன் விடையைக் கேட்க, “ஐந்தாம் அறைப் பலகையிற் பார்” என்கின்றார். மாணவன் உடனே ஓடினால் விடை அங்கே இருக்கக்கூடும். அடுத்த பாடத்து ஆசிரியர் வெண்கட்டியை எடுத்தபின் சென்றானாயின், பலகையிற் காண்பது சரித்திர பாடத்து ஆண்டுகளாயிருக்கும். அறை இலக்கம் பிழையன்று, பலகையும் அங்கேயே இருக்கின்றது, விடைதான் இல்லை. அதனினும் தீயது யாதெனின், அங்குள்ள எண்ணையே கணக்கின் விடையென எண்ணி மாணவன் எழுதிக்கொண்டு வருதல்.

பிழை நிகழுமாறு

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணைப் பெற்று, அதன் இலக்கங்களை எழுத்து வடிவாக்கித் தரும் சார்பொன்றை மாணவர் ஒருவர் எழுதுகின்றார். அதனுள்ளே இருபது வரியுருக்கள் கொள்ளும் “தாள்” என்னும் உள்ளக அணியை அமைக்கின்றார். கிடைத்த எண்ணின் இலக்கங்களை அதில் இட்டு, இறுதியிற் பூச்சிய முடிவுக்குறியையும் வைக்கின்றார். பின்னர், “தாளைத் திருப்பித் தருக” என்று எழுதிச் சார்பை முடிக்கின்றார். படிப்பவர்க்கு இதிற் குற்றம் யாதும் தோன்றாது.

நிகழ்வது யாது? விளக்கத்தின்பொருட்டு, அணி 5000 ஆம் அறை முதல் 5019 ஆம் அறை வரை அமைந்ததென்று கொள்வோம். 27 என்னும் எண்ணுடன் சார்பை அழைத்தால், 5000 ஆம் அறையில் “2” என்னும் வரியுருவும், அடுத்ததில் “7” என்பதும், அதற்கடுத்ததில் முடிவுக்குறியும் வைக்கப்படும். திருப்பித் தரப்படுவது இவ்வரியுருக்கள் அல்ல. 5000 என்னும் முகவரியே. அழைத்தவர் அதனைத் தம் சுட்டியில் வைத்துக்கொண்டு, திரையில் அச்சிடும் சார்பிடம் கொடுக்கின்றார். அச்சிடும் சார்புக்கும் வேலைசெய்ய இடம் வேண்டுமன்றோ? அதற்கு ஒதுக்கப்படும் இடம் சற்றுமுன் நீங்கிய சார்பு இருந்த இடமே. அது தன் கணக்குகளை 5000 ஆம் அறையின்மேல் எழுதிவிட்டுப் பின் அவ்வறையைப் படிக்கப் புகுந்தால், பொருளற்ற குறிகள் திரையில் தோன்றும்.

சார்பை 27 உடன் ஒருமுறையும் 58 உடன் மறுமுறையும் அழைத்து, இரண்டு முகவரிகளையும் வெவ்வேறு சுட்டிகளில் வைத்திருந்தால் என்னாகும்? இரண்டு அழைப்புகளும் அடுக்கின் ஒரேயிடத்தைப் பெறுதல் இயல்பு. எனவே இரண்டு சுட்டிகளும் 5000 என்பதையே தாங்கிநிற்கும். அறைகள் பிறிதொன்றாற் கெடாது தப்பினாலுங்கூட, 27 காட்டவேண்டிய இடத்திலும் 58 தோன்றும்.

அணிக்கு மாத்திரம் இந்நிலை ஏன்?

ஒரு சார்பு நிறைவெண்ணொன்றைத் திருப்பித் தரும்பொழுது இவ்விடர் இல்லையே, அணிக்கு மாத்திரம் ஏன் என்று மாணவர் வினவலாம். நிறைவெண்ணைத் தரும்பொழுது அதன் பெறுமானம் பிரதிசெய்யப்பட்டு அழைத்தவரிடம் சேர்கின்றது. மூலம் அழிந்தாலும் பிரதி நிலைக்கும். அணியையோ சி மொழியில் ஒரு சார்பு முழுதாகத் திருப்பித் தருதல் இயலாது. அணியின் பெயரைக் கோவையில் எழுதினால், மிகச் சில இடங்கள் நீங்கலாக, அது முதலுறுப்பின் முகவரியாக மாறிவிடும்.

இவ்விதி ஏற்பட்ட காரணத்தை றிச்சி 1993 இல் வெளியிட்ட வரலாற்றுக் கட்டுரையில் விளக்கியுள்ளார். பி மொழியில், அணியை அமைத்தால் அதன் உறுப்புகளுக்கு வேறாக, அவற்றைச் சுட்டும் ஓர் அறையும் ஒதுக்கப்பட்டது. யூனிக்ஸ் முறைமையின் கோப்புப் பட்டியலில், ஒவ்வொரு பதிவும் 2 பைற்று எண்ணும் 14 வரியுருக்கள் கொண்ட பெயருமாக அமைந்தது. இப்பதிவை உள்ளவாறே மொழியிற் காட்டவேண்டின், பெயருக்கென அமைந்த அணியினிடையே சுட்டியொன்று புகுந்து நிற்றல் பொருந்தாது. ஆதலின் அந்தச் சுட்டியறையை நீக்கி, அணியின் பெயர் வழங்கப்படும்பொழுதே முகவரி தோன்றுமாறு அவர் விதித்தார். இதனால் மொழி சுருங்கியும் விரைந்தும் அமைந்தது. ஆயின், பொருளின் பெயரும் முகவரியும் எழுத்தில் ஒன்றுபோற் காணப்படும் மயக்கமும் உடன்வந்தது.

சரியெனத் தோன்றும் மாயை

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு என்று சி மொழியின் நியமம் கூறும். ஆயுள் முடிந்த பொருளைச் சுட்டும் சுட்டியின் பெறுமானம் நிச்சயமற்றதாகும். அப்பொருளைப் பயன்படுத்தினால் விளைவது வரையறுக்கப்படாத நடத்தை. இதன் கருத்து, செய்நிரல் கட்டாயம் நின்றுவிடும் என்பதன்று. எதுவும் நிகழலாம் என்பதே. சரியான விடை வருதலும் அந்த “எதுவும்” என்பதனுள் அடங்கும். இதுவே மாணவரை ஏமாற்றுவது. ஒரு கணினியிற் சரியாகவும் மற்றொன்றிற் பிழையாகவும் வரலாம். விரைவூட்டும் கட்டளையின்றித் தொகுத்தாற் சரியாகவும், அதனோடு தொகுத்தாற் பிழையாகவும் வரலாம்.

தொகுப்பி எச்சரியாதோ எனின், எளிய வடிவில் எழுதியதைக் கண்டு அது எச்சரிக்கவே செய்யும். உள்ளக மாறியின் முகவரி திருப்பப்படுகின்றது என்று ஜி.சி.சி. என்னும் தொகுப்பி அறிவிக்கும். பல வேளைகளில் அம்முகவரிக்குப் பதிலாக வெறுஞ்சுட்டியையே கொடுத்துவிடும். அதனைப் பயன்படுத்தும் செய்நிரல் உடனே நின்றுவிடுதல் ஒருவகையில் நன்மையே. ஆனால் முகவரியை முதலில் வேறு சுட்டிகளிலும் அமைப்புகளிலும் வைத்துச் சுற்றுவழியாகத் திருப்பினால், தொகுப்பியின் கண்ணுக்கு அது தப்பவுங்கூடும். எச்சரிக்கை வந்தவிடத்து அதனைப் பொருட்படுத்துக. வாராதவிடத்து அதனைச் சான்றிதழாகக் கொள்ளற்க.

ஈண்டு இரண்டு ஐயங்களையும் தெளிவுபடுத்தல் தகும். முதலாவது, உள்ளக அணியின் முகவரியைப் பிறருக்குக் கொடுத்தல் எப்பொழுதும் குற்றமன்று. ஒரு சார்பு தான் அழைக்கும் இன்னொரு சார்பிடம் அதனைக் கொடுக்கலாம். அழைக்கப்பட்டது முடியும்வரை அழைத்ததன் இடம் அடுக்கில் நிலைத்திருக்கும். வெளியே திருப்பி அனுப்புதலும், சார்பு முடிந்தபின்னும் நிலைக்கும் மாறியிற் சேமித்தலுமே ஆபத்து. இரண்டாவது, மேற்கோட்குறிக்குள் எழுதிய வசனமொன்றைச் சுட்டியால் நேரே திருப்பித் தருதல் பிழையன்று. அத்தகைய வசனம் செய்நிரலின் ஆயுள் முழுதும் இருக்கும். அதே வசனத்தை உள்ளக அணியொன்றிற்குத் தொடக்கப் பெறுமானமாக இட்டு, அவ்வணியைத் திருப்பினாற் பிழையாகும். எழுத்தில் இவ்விரண்டும் ஒரு சதுர அடைப்புக்குறி அளவே வேறுபடும்.

நீக்கும் வழிகள்

முதலாவதும் பெரும்பாலும் சிறந்ததுமான வழி, அழைப்பவரே இடம் கொடுத்தல். அவர் தம்மிடத்து ஓரணியை அமைத்து, அதன் முகவரியையும் அளவையும் சார்புக்குக் கொடுப்பார். சார்பு அவ்விடத்தில் எழுதும். கோப்பிலிருந்து ஒரு வரியைப் படிக்கும் எவ்கெற்ஸ் என்னும் நூலகச் சார்பு இவ்வாறே அமைந்தது. அளவையும் உடன் கொடுத்தல் இன்றியமையாதது. இன்றேல் எல்லை கடந்து எழுதும் வேறொரு பிழை புகும். 32 பிற்று நிறைவெண்ணை எழுத்தாக்குவதற்கு எவ்வளவு வேண்டும்? மிகச் சிறிய எண் −2147483648. குறி ஒன்று, இலக்கங்கள் பத்து, முடிவுக்குறி ஒன்று. ஆகப் பன்னிரண்டு அறைகள் வேண்டும். இவ்வாறு கணக்கிட்டே அளவை நிர்ணயித்தல் வேண்டும்.

இரண்டாவது வழி, மலொக் என்னும் சார்பின் மூலம் குவியல் என்னும் பகுதியில் இடம் பெறுதல். அவ்விடம் சார்பு முடிந்தபின்னும் நிலைத்திருக்கும்; பிறீ என்னும் சார்பால் விடுவிக்கும்வரை ஒழியாது. எவ்வளவு இடம் வேண்டுமென்று அழைப்பவர் முன்னரே அறியாதவிடத்து இது பயனுடையது. ஆனால் இடம் கிடைத்ததா என்று சோதித்தலும், பயன்முடிந்ததும் ஒருமுறை, ஒரேயொருமுறை, விடுவித்தலும் கடமையாகும். விடுவியாதொழிந்தால் நேர்வது யாது? ஒரு செய்நிரல் செக்கனுக்கு ஆயிரம் தடவை 12 பைற்று பெற்று விடுவியாதிருப்பின், ஒரு நாளில் 103 கோடியே 68 இலட்சம் பைற்று வீணாகும். நாட்கணக்கில் ஓயாது இயங்கும் கணினி அதனாற் செயலிழந்துவிடும்.

மூன்றாவது வழி, ஸ்ரற்றிக் என்னும் சொல்லை முன்னிட்டு அணியை அமைத்தல். அத்தகைய அணி அடுக்கில் அமையாது. செய்நிரல் முடியும்வரை நிலைக்கும். அதன் முகவரியைத் திருப்புதல் சட்டப்படி சரியே. ஆயினும் எல்லா அழைப்புகளுக்கும் அணி ஒன்றே. நேரத்தை எழுத்தாக்கும் அஸ்க்டைம் என்னும் நூலகச் சார்பு, 26 வரியுருக்கள் கொண்ட இத்தகைய ஓரணியின் முகவரியையே தருகின்றது. இரண்டு நேரங்களை எழுத்தாக்கி ஒப்பிட முயல்பவர், பிந்தியதையே இருமுறை காண்பர். பல இழைகள் ஒருங்கே இயங்கும் செய்நிரல்களில் இவ்வழி மேலும் இடர் தரும்.

நான்காவது வழி, அணியை ஓர் அமைப்பினுள்ளே உறுப்பாக வைத்து, அவ்வமைப்பையே திருப்புதல். அமைப்புகள் பெறுமானமாகப் பிரதிசெய்யப்படுமாதலின், உள்ளிருக்கும் அணியும் உடன் பிரதியாகும். அளவு நிலையானதும் சிறியதுமாயின் இது நேர்த்தியான வழி.

பிற்கால மொழிகளை ஆக்கியோர் இப்பிழையைத் தத்தம் வழியில் நீக்க முயன்றனர். தொம்சனும் வேறிருவரும் ஆக்கி 2009 இல் வெளியிடப்பட்ட கோ மொழியில், உள்ளக மாறியின் முகவரி வெளியே செல்லுமாயின், தொகுப்பியே அதனைக் குவியலுக்கு மாற்றிவிடும். 2015 இல் முதற் பதிப்பு நிலைபெற்ற றஸ்ற் மொழியிலோ, பொருளின் ஆயுளுக்கு மேற்பட்ட சுட்டுகையை எழுதினால், தொகுப்பி அச்செய்நிரலை ஏற்க மறுக்கும். சி மொழி இப்பொறுப்பை எழுதுபவரிடமே விட்டிருக்கின்றது.

ஆதலின், முகவரியைத் திருப்பித் தரும் சார்பு ஒன்றை எழுதுமுன் மாணவர் மூன்று வினாக்களைத் தம்முள் எழுப்புக. இவ்விடத்தைக் கொடுத்தவர் யார்? இது எதுவரை நிலைக்கும்? இதனை விடுவிக்கும் கடமை யாருடையது? இவற்றின் விடைகளைச் சார்பின் தலைப்பிற் குறிப்பாக எழுதிவைத்தல், பின்வந்து படிப்பவர்க்குப் பேருதவியாகும். இத்துறையிற் பணியாற்றும் பழைய மாணவர்கள் தம்மின் இளையோரின் செய்நிரல்களைப் பார்வையிடும்பொழுது இம்மூன்றையும் கேட்பாராயின், அது புத்தகம் பல கொடுத்தற்கு ஒப்பாகும்.

கேத்திரகணித வகுப்பில், வரைந்த முக்கோணம் ஒன்றின் கோணங்களை அளந்து, கூட்டுத்தொகை இருசெங்கோணமெனக் கண்டவுடன் தேற்றம் நிறுவப்பட்டதென்று எந்த ஆசிரியரும் ஏற்பதில்லை. எல்லா முக்கோணத்திற்கும் பொருந்தும் காரணத்தைக் கேட்பார். செய்நிரலுக்கும் அதுவே அளவுகோல். ஒருமுறை இயங்கிச் சரியான விடையைத் தந்தது என்பது அன்றைய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுமேயன்றிச் செய்நிரல் சரியென்பதை நாட்டாது. எக்காலத்தும் சரியாயிருத்தற்குக் காரணத்தை எடுத்துக்கூற வல்லவரே அதனைச் சரியென்று சொல்லத் தக்கவர்.